இருதயத்திற்கு ஒரு பரீட்சை

பள்ளிக்கூட உபாத்தியாயராக முப்பத்தைந்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற நமது நண்பர் ஒருவர், எட்டு மாத காலம் சாய்வு நாற்காலியில் குடியிருந்தார். 'குடியிருந்தார்' என்று தெரிந்தேதான் எழுதுகிறோம். காலைக் காப்பி அங்கே. பத்திரிகை வாசிப்பது அங்கே. மத்தியானச் சாப்பாடுகூட அநேகமாய் அங்கேதான். தண்ணீர்க் கூஜாவை எடுக்க அவர் கையை நீட்டினால், வீட்டில் மூன்று பேர் ஓடி வருவார்கள். மாடிப்படியின் பக்கம் முகத்தைத் திருப்பினாலோ, ஆறு வயதுப் பேத்தி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வழி மறிப்பாள்.

இத்தனைக்கும் காரணம் அவருக்கு வந்த மாரடைப்பு. நல்ல வேளையாகக் காலதாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து, அது மறுபடியும் மூடிக்கொள்ளாதபடி ஸ்டென்ட் என்னும் சிறு வலைக் குழலையும் பொருத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது வைத்தியர் ஒரு வார்த்தை சொன்னார்: "இன்னொரு குழாயில் பாதி அடைப்பு இருக்கிறது, அதை இப்போது தொடவில்லை." இந்தப் 'பாதி அடைப்பு' என்ற இரண்டு சொற்களுந்தான் நண்பரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிட்டன.

எட்டாவது மாதத்தில் இரண்டொரு தடவை அவருக்கு மார்பின்மேல் ஏதோ பாரம் வைத்தாற்போல் இருந்தது. அது வியாதியா, அல்லது பயமா என்பது அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. வைத்தியர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "நடக்கவிட்டு, எக்கோ படம் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்றார். அவ்வளவுதான், வீட்டில் பூகம்பம் உண்டாயிற்று.

"மாரடைப்பு வந்த மனுஷரை ஓடவிட்டுப் பார்ப்பது எந்த ஊர் வைத்தியம், அண்ணா? நீங்களே நியாயம் சொல்லுங்கள்!" என்று நண்பரின் மனைவியார் நம்மிடம் வழக்கைக் கொண்டுவந்தார்.

நண்பருடைய கட்சி வேறு. "ஆஸ்பத்திரியில் நான் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் இருவரும் பழனி மலைக்குப் படியேறி வருகிறோம் என்று வேண்டிக்கொண்டது யார்? வேண்டுதல் மலைக்கு, உத்தரவோ மாடிக்குக்கூடக் கிடையாது!" என்றார்.

"விஞ்ச் வண்டியில் போனால் முருகன் வேண்டாமென்றா சொல்லப் போகிறான்?" என்றார் அம்மாள்.

இரு தரப்பு வாதங்களையும் கேட்டுக்கொண்டோம். தீர்ப்புச் சொல்லுமுன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நலம் என்று தோன்றியது. படித்தும் கேட்டும் நாம் அறிந்தவற்றை நேயர்களுக்கும் இங்கே சொல்லுகிறோம். இம்மாதிரி ஒரு சாய்வு நாற்காலி இல்லாத தெரு இப்போது அருமையாகிவிட்டதல்லவா?

* * *

அந்த அம்மாளின் பயத்தைக் கண்டு வைத்தியர்கள் சிரிப்பதற்கில்லை. வெகுகாலம் அவர்களே அந்தக் கட்சியில்தான் இருந்தார்கள்.

இருதயத்தின் இரத்தக் குழாய் அடைபட்டவர் பிழைத்திருக்கவும் கூடும் என்பதை 1912-ஆம் வருஷத்தில் சிக்காகோ நகரத்து வைத்தியர் ஹெரிக் என்பவர் எடுத்துக் காட்டினார். அவர்களுக்குப் பூரண ஓய்வு வேண்டும் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு பல வருஷங்கள் வரையில், மாரடைப்பு என்றால் ஆறு வாரம் படுக்கை என்பது எங்கும் வழக்கமாகிவிட்டது. காயம்பட்ட இருதயச் சுவர் உழைப்பினால் கிழிந்துவிடுமோ என்று அஞ்சினார்கள். ஆனால் அப்படிப் படுத்தே கிடந்தவர்களுக்குக் கால் நரம்புகளில் இரத்தம் உறைந்து, அது சுவாசப்பைக்குப் போய் அடைத்துக்கொள்ளும் அபாயம் அதிகமாயிற்று. 1952-இல் பாஸ்டன் நகரத்து லெவின், லௌன் என்ற இரு வைத்தியர்கள், நோயாளிகளைச் சில நாட்களிலேயே படுக்கையிலிருந்து எடுத்து நாற்காலியில் உட்கார வைத்து, அதனால் நன்மையே உண்டாயிற்று என்று எழுதினார்கள். ஆகவே நமது நண்பரின் நாற்காலிக்கும் ஒரு சரித்திரம் உண்டு! அந்த நாளில் அது பெரிய புரட்சி. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு வந்தது வைத்திய சாஸ்திரத்தின் முதற் படி. அந்தப் படியிலேயே எட்டு மாதம் உட்கார்ந்துவிட்டதுதான் பிசகு.

இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. நடக்கும்போது, முக்கியமாக மேட்டில் ஏறும்போது, மார்பில் பிடிப்பு உண்டாவதையும், நின்றால் அது மறைந்துவிடுவதையும் 1768-ஆம் வருஷத்தில் லண்டன் வைத்தியர் ஹெபர்டன் விவரித்துச் சொன்னார். அவர் காலஞ்சென்ற பிறகு 1802-இல் வெளியான அவருடைய புத்தகத்தில், தினம் அரை மணி நேரம் மரம் அறுப்பது என்று வைத்துக்கொண்டு அநேகமாய்க் குணமடைந்த ஒருவரைப் பற்றிய குறிப்பும் இருக்கிறது. உழைப்பில்தான் இந்த வியாதி வெளிப்படும். அளவறிந்த உழைப்பு இதற்கு மருந்தாகவும் கூடும். இவ்விரண்டு உண்மைகளும் இருநூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் கண்ணில் பட்டிருக்கின்றன.

* * *

உழைப்பில் வெளிப்படுவது ஏன்? தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நாற்றங்காலுக்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சும் நாட்களில் வாய்க்கால் தூர்ந்திருப்பது யாருக்கும் தெரிவதில்லை. நடவு தொடங்கி, எல்லா வயல்களும் ஒரே சமயத்தில் தண்ணீர் கேட்கும்போதுதான் கடைமடை காய்கிறது.

இருதயத்தின் கதையும் இதுதான். தினம் ஏறக்குறைய 1,00,000 தடவை சுருங்கி விரியும் அந்தத் தசைக்கு, நாம் சும்மா உட்கார்ந்திருக்கையில் நிமிஷத்துக்குக் கால் லிட்டர் இரத்தம் போதும். கடுமையாய் உழைக்கும்போது நான்கு ஐந்து மடங்கு வேண்டும். மற்ற உறுப்புகள், தேவையானால், வரும் இரத்தத்திலிருந்தே அதிகப் பிராணவாயுவை எடுத்துக்கொண்டு சமாளிக்கும். இருதயத்தால் அது ஆகாது. தன்னிடம் வரும் பிராணவாயுவில் பெரும் பகுதியை அது சும்மா இருக்கும்போதே எடுத்துவிடுகிறது. அதிகம் வேண்டுமானால் அதிக இரத்தம் வந்தே தீரவேண்டும். அதோடு, இருதயத்தின் தசைக்குள் இரத்தம் பாய்வது பெரும்பாலும் அது விரிந்து இளைப்பாறும் கணத்தில்தான். துடிப்பு வேகமாக ஆக, அந்தக் கணமும் குறுகிப் போகிறது. செலவு கூடுகிற வேளையில் வரவுக்கு அவகாசம் குறைகிறது!

1974-இல் கூல்டு என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய துணைவர்களும் நாய்களிடத்தில் செய்த சோதனையில், இருதயக் குழாயின் விட்டம் ஏறக்குறைய 85 சதவிகிதம் சுருங்கும் வரையில் ஓய்வு நேரத்து இரத்த ஓட்டம் குறையவேயில்லை. ஆனால் அதிகபட்சமாகப் பாயக்கூடிய ஓட்டமோ, பாதி சுருங்குவதற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது. "நாற்காலியில் இருக்கும்போது எனக்கு ஒன்றுமே இல்லை" என்று ஒருவர் சொன்னால், அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆஞ்சியோகிராம் படத்தில் பாதி அடைப்பு என்று கண்டதற்கும் இதே நியாயந்தான். அது வாய்க்காலின் அகலத்தைக் காட்டுகிறதே தவிர, வயலுக்குத் தண்ணீர் போதுமா என்று சொல்லவில்லை. ஒருவருக்குப் பாதி அடைப்பினாலேயே தசை தவிக்கும். இன்னொருவருக்கு அதே அளவு அடைப்பு ஒரு கெடுதலும் செய்யாமல் இருக்கும். வயலைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். அதுவும் நடவு நாளில் பார்க்க வேண்டும்.

* * *

இருதயத்தை உழைக்க வைத்துப் பார்க்கும் முறை புதிதன்று. 1929-இல் நியூயார்க் வைத்தியர் மாஸ்டர் என்பவர், ஒவ்வொன்றும் 9 அங்குல உயரமுள்ள இரண்டு படிகளைச் செய்து வைத்து, நோயாளிகளை ஏறி இறங்கச் சொன்னார். 1963-இல் சியாட்டில் நகரத்து புரூஸ் என்பவர், ஓடும் பட்டையின்மேல் நடக்கவிடும் முறையை ஒழுங்குபடுத்தினார். டிரெட்மில் என்று இப்போது எல்லோரும் சொல்லுவது அதுதான். மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், நூறு அடிக்குப் பத்து அடி ஏற்றத்தில் நடை தொடங்கும். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். எவ்வளவு நடந்தாலும் நின்ற இடத்திலேயே இருக்கும் இந்த யாத்திரையில், இருதயத்தின் மின்சார ஓட்டத்தை இ.சி.ஜி. கோடுகளாகப் பதிந்து பார்ப்பார்கள்.

ஆனால் ஒருமுறை மாரடைப்பு வந்தவர்களிடம் இந்தக் கோடுகளை மட்டும் நம்புவது போதாது. பழைய காயத்தினால் அவை முன்பே மாறிப்போயிருக்கலாம். குறை இருக்கிறது என்று சொன்னாலும், எந்த இடத்தில் என்று அவை தெளிவாகச் சொல்லுவதில்லை. ஆகையால் படம் வேண்டியிருக்கிறது.

1935-இல் அமெரிக்காவில் டென்னன்ட், விக்கர்ஸ் என்ற இருவர், நாயின் இருதயக் குழாயைக் கட்டிப் பார்த்தார்கள். இரத்தம் நின்றவுடன், சுமார் ஒரு நிமிஷத்துக்குள், அந்தப் பகுதித் தசை சுருங்குவதை நிறுத்திவிட்டது. இரத்தம் போதாதபோது முதலில் சுவரின் அசைவு தளர்கிறது; பிறகே இ.சி.ஜி. கோடு மாறுகிறது, வலி எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து சாட்சி சொல்லுகிறது. சிலருக்கு, முக்கியமாக நீரிழிவுக்காரர்களுக்கு, அந்தச் சாட்சி கோர்ட்டுக்கு வராமலே இருந்துவிடுவதும் உண்டு!

அசையும் சுவரை மார்பைத் திறக்காமல் பார்ப்பது எப்படி? 1953-இல் ஸ்வீடன் தேசத்து லுண்டு நகரில் எட்லர் என்ற வைத்தியரும், ஹெர்ட்ஸ் என்ற பௌதிக சாஸ்திரியும் அதற்கு வழி கண்டார்கள். உலோகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒலி அலைகளால் பார்க்கும் யந்திரம் ஒன்று மால்மோ துறைமுகத்துக் கப்பல் பட்டறையில் இருந்தது. அதை இரவல் வாங்கி வந்து மனிதனுடைய இருதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். காதுக்குக் கேட்காத அந்த ஒலியின் எதிரொலியே எக்கோ. உழைப்புக்கு முன்னும் பின்னும் எக்கோ படம் எடுத்து ஒப்பிடும் முறை 1979-ஆம் வருஷ வாக்கில் அமெரிக்காவின் இண்டியானாவிலிருந்து பரவத் தொடங்கிற்று.

இன்னொரு முறையும் உண்டு. டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்தை, உழைப்பு உச்சத்தில் இருக்கும்போது கை நரம்பில் ஏற்றுவார்கள். இரத்தம் எங்கே நன்றாய்ப் பாய்கிறதோ அங்கே அது தங்கும். பாயாத இடம், பிறகு காமா காமிராவில் எடுக்கும் படத்தில் இருட்டாய்த் தெரியும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் கதிர் வீச்சுப் பாதியாகக் குறைந்துவிடுவதால், அது வெகு நாள் உடம்பில் தங்கித் தொல்லை கொடுப்பதில்லை. முழங்கால் வலியினாலோ வேறு காரணத்தாலோ நடக்கவே முடியாதவர்களுக்கு, நடைக்குப் பதிலாக மருந்து செலுத்தி இருதயத்தை வேலை வாங்குவதும் உண்டு.

எந்தப் படமானாலும் கேள்வி ஒன்றே. ஓய்விலும் உழைப்பிலும் நன்றாய் இருக்கும் பகுதி ஆரோக்கியமானது. ஓய்வில் நன்றாயிருந்து உழைப்பில் தளரும் பகுதி பட்டினி கிடக்கிறது. அதற்கு உதவி தேவை. இரண்டிலும் அசையாத பகுதி பெரும்பாலும் பழைய காயத்தின் வடு. 'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இரத்தம் குறைந்துபோனதால் வேலையைச் சுருக்கிக்கொண்டு, உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு உறங்கும் தசையும் உண்டு என்று ரஹிம்தூலா என்ற வைத்தியர் 1980-களில் எடுத்துக் காட்டினார். இரத்தம் திரும்பினால் அது விழித்துக்கொள்ளக் கூடும். செத்தது எது, உறங்குவது எது என்று பிரித்தறிவது சிகிச்சையையே மாற்றிவிடுகிற விஷயம்.

* * *

இவ்வளவையும் சொன்ன பிறகு அம்மாள் ஒரு கேள்விதான் கேட்டார்: "பரீட்சையிலேயே ஏதாவது ஆகிவிட்டால்?"

நியாயமான கேள்வி. மாரடைப்பு வந்த முதல் இரண்டு நாட்களிலும், மார்பு வலி அடங்காதபோதும், இருதய வால்வு மிகவும் குறுகியிருந்தாலும் இந்தப் பரீட்சையை வைத்தியர்கள் செய்வதில்லை. 1971-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், ஏறக்குறைய 1,70,000 டிரெட்மில் பரீட்சைகளில் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் மரணம் நேர்ந்திருந்தது. அபாயம் அறவே இல்லை என்று சொல்லக் கூடாது. வைத்தியரும் உபகரணங்களும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று சொல்லலாம். தவிரவும், மாடிப்படியில் யாரும் பாராதபோது இருதயம் தளர்வதைவிட, வைத்தியர் பார்த்துக்கொண்டிருக்கையில் அது தளர்வது மேலல்லவா?

அம்மாள் சற்று யோசித்தார். பிறகு, "நீங்களும் கூட வருவதாயிருந்தால் சரி" என்றார்.

போனோம். நண்பரை இடது பக்கமாகப் படுக்க வைத்து முதலில் ஒரு படம் எடுத்தார்கள். பிறகு பட்டையின்மேல் ஏற்றினார்கள். முதல் மூன்று நிமிஷம், பரீட்சைக் கூடத்தில் கேள்வித்தாளைப் பார்த்த பையனைப்போல் அவர் முகம் வெளுத்திருந்தது. ஆறாவது நிமிஷத்தில் வியர்த்தது. அம்மாள் கதவுக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டாவது நிமிஷத்தில் நாடித் துடிப்பு, அவர் வயதுக்குக் குறித்த அளவை எட்டியது. பட்டை நின்றதும், மறுபடியும் படுக்கைக்கு ஓட்டம்! ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்துக்குள் படம் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் இருதயம் இளைப்பாறித் தன் குறையை மறைத்துக்கொண்டுவிடும்.

வைத்தியர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் காட்டினார். இடது அறையின் அடிச் சுவரில் ஒரு சிறு பகுதி இரண்டிலும் மந்தமாயிருந்தது. அது பழைய வடு. 'பாதி அடைப்பு' உள்ள குழாய் இரத்தம் கொடுக்கும் முன் சுவரோ, உழைப்புக்குப் பிறகு முன்னைவிட வேகமாயும் வலுவாயும் சுருங்கிக்கொண்டிருந்தது.

"போனது கொஞ்சம் போனதுதான். இருப்பது நன்றாயிருக்கிறது. அந்தப் பாதி அடைப்பு இன்றைக்கு உங்கள் இருதயத்தைப் பட்டினி போடவில்லை. அதைத் தொட வேண்டாம். மருந்தை விடாதீர்கள், நாற்காலியை விட்டுவிடுங்கள்!" என்றார் வைத்தியர்.

எட்டு மாதமாக நாற்காலியில் கழித்த நாட்களை நண்பர் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தாரோ என்னவோ, வெகு நேரம் அவர் பேசவில்லை.

* * *

எல்லோருக்கும் விடை இப்படியே வரும் என்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. வலியே தெரியாதவருக்குச் சுவர் தளர்வதும் உண்டு. அப்போது குழாயைத் திறப்பதா, மாற்று வழி வைத்து அறுவை செய்வதா, மருந்தோடு நிறுத்துவதா என்பதை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். தளர்வு கண்டதும் கத்தியை எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. 2020-இல் வெளியான, 5,179 பேரைக் கொண்ட ஓர் ஆராய்ச்சியில், நிதானமான நிலையில் உள்ள இருதய நோயாளிகளுக்கு, நல்ல மருந்துகளோடு உடனே குழாய்ச் சிகிச்சையையும் சேர்த்துச் செய்ததனால் மொத்த மரணம் குறையவில்லை. மார்பு வலி உள்ளவர்களுக்கு அந்த வலி குறைந்தது.

இன்னொரு பக்கமும் எச்சரிக்கை வேண்டும். தொந்தரவே இல்லாதவரை வருஷந்தோறும் டிரெட்மில்லில் ஏற்றி இறக்குவதும் வீண்தான். 2022-இல் தென் கொரியாவிலிருந்து வந்த ஆராய்ச்சி ஒன்றில், ஸ்டென்ட் பொருத்திய 1,706 பேரில் ஒரு பாதிக்கு ஒரு வருஷம் கழித்து வழக்கமாக இப்பரீட்சையைச் செய்தார்கள். செய்யாதவர்களைவிட அவர்கள் அதனால் ஒன்றும் அதிக லாபம் அடையவில்லை. கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கும்போதுதான் பரீட்சை.

தேறிவிட்டோம் என்பதும் சாசுவதமான சாஸனம் அன்று. மூன்று குழாய்களும் ஒரே அளவாய்க் குறுகியிருந்தால், ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு ஒப்பிடும் கதிரியக்கப் படம் சில சமயம் ஏமாந்து போகும். இன்று ஓட்டத்தைத் தடுக்காத சிறு படிவமும் நாளை வெடித்து உறையலாம். புகையிலையும் கொழுப்பும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எந்தப் பரீட்சைக்கும் அஞ்சுவதில்லை. அவற்றைக் கட்டுப்படுத்துவது தினசரிப் பாடம்.

நண்பர் அந்தப் பாடத்தைத் தொடங்கினார். முதல் வாரம் தினம் பத்து நிமிஷம். பிறகு கால் மணி. பிறகு அரை மணி. பேத்தி இப்போது மாடிப்படியில் வழி மறிப்பதில்லை. யார் முதலில் என்று போட்டி போடுகிறாள். நான்கு மாதம் கழித்து, வைத்தியரின் சம்மதத்தோடு பழனிக்குப் போனோம். நண்பரும் அவர் மனைவியாரும் நடுநடுவே நின்று இளைப்பாறி, படியேறியே மேலே போய்ச் சேர்ந்தார்கள்.

தீர்ப்புச் சொன்ன நாம் எப்படிப் போனோம் என்று நேயர்கள் கேட்கலாம். பாதி தூரத்திலேயே நமக்கு மூச்சு வாங்கிவிட்டது. "அண்ணா, உங்களுக்கும் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாமா?" என்று அம்மாள் மேற்படியிலிருந்து குரல் கொடுத்தார். மறுநாள் காலை முதல் நாமும் தினம் அரை மணி நேரம் நடந்து வருகிறோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுகிறோம்.